நிமிஷத்துக்கு ஒரு மணி நேரம்

ஐஸ் கம்பெனித் தெருவின் அடிபம்பில் நல்ல தண்ணீர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு. அந்த நேரத்தில் கஸ்பார் தன் மகள் ஜெசிந்தாவைத் தெரு மணலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் சட்டையைச் சுருட்டி அவள் தலைக்கு அண்டக் கொடுத்து, கடைவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தபடி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தான். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவர வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், மகளுக்கு வலிப்பு வரும்போதெல்லாம் அவன் எண்ணுவான். அவன் எழுபதை எண்ணியபோது, கைப்பிடி துருவேறி எட்டு வருஷமாக அசையாமல் நின்ற அந்தப் பம்பு, யாரும் தொடாமலேயே ஒருமுறை கனைத்தது, காய்ந்த மண்ணைத் துப்பியது, பிறகு கை பருமனுக்குத் தண்ணீரை ஊற்றத் தொடங்கியது. தெருப் பெண்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு குடம் எடுக்க ஓடினார்கள். தண்ணீர் வந்தால் குடம் எடுக்க ஓடுவதுதானே வழக்கம்.

புன்னைமுனையில் கடலை ஒட்டி இருந்தது அந்தத் தெரு. இருபத்து மூன்று வீடுகள். எங்கே தோண்டினாலும் உப்பு, வாயில் வைத்தால் கசக்கும். மீனுக்கு ஐஸ் அடிக்க நல்ல தண்ணீர் டேங்கர் டேங்கராகக் கம்பெனிக்குள் போகும். தெருவுக்குப் பஞ்சாயத்து லாரி பத்து நாளைக்கு ஒருமுறை வந்து வீட்டுக்கு நாலு குடம் ஊற்றிவிட்டுப் போகும். கஸ்பாருக்கு அந்தக் கம்பெனியில்தான் வேலை, ஐஸ் பாளத்தைக் கொக்கி போட்டு இழுத்து நொறுக்கும் எந்திரத்தில் தள்ளுவது.

ஜெசிந்தாவுக்கு அப்போது பதினைந்து நடந்துகொண்டிருந்தது. பிறந்தபோது அழாமல் நீலம் பாரித்துக் கிடந்தவள். இரண்டு வயதில் வலிப்பு வந்தது, நாலு வயதில் நடை வந்தது, ஆறு வயதில் அம்மா ஸ்டெல்லா மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். பேச்சு பதினொரு வார்த்தைதான். அப்பா, சோறு, வேண்டாம், ஐஸுக்குக் கட்டி, இப்படி. அப்பா பக்கத்து வீட்டு எமரென்சியை அண்ணி முறையில் மைனி என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் மைனி என்றே கூப்பிட்டாள். அப்பா வேலைக்குக் கிளம்பும்போது ஒற்றைச் செருப்பை ஒளித்து வைத்துவிட்டு, தேடட்டும் என்று சுவரோடு சாய்ந்து நின்று சிரிப்பாள். கோபம் வந்தால் தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொள்வாள். பதினாலு வயதில், இவள் பெரிய பிள்ளையாகிவிட்டாள், எங்களால் பிடித்து நிறுத்த முடியவில்லை என்று சொல்லிச் சிறப்புப் பள்ளி வேன் வருவதை நிறுத்திக்கொண்டது. அந்த வருஷமே அவள் வயதுக்கும் வந்தாள். கஸ்பார் வாசலில் திகைத்து நின்றபோது, எமரென்சிதான் அவனைத் தள்ளிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதிலிருந்து மாதாமாதம் அந்த நாலு நாளும் அவள்தான் வந்து, கழுவி, துணி மாற்றி, கையைப் பிடித்துப் பழக்கினாள். இதையெல்லாம் ஒரு அப்பன் எப்படிச் செய்வது என்று கஸ்பார் யாரிடமும் கேட்டதில்லை. எமரென்சியும் தான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை.

முதல்முறை தண்ணீர் வந்தபோது எங்கோ பெரிய குழாய் உடைந்திருக்கும் என்றார்கள். இரண்டாம் முறை ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். மூன்றாம் முறை ஜெசிந்தா வீட்டுக்குள் கட்டிலில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்தபோது பம்பு ஊற்றியதால், எதிர் வீட்டு லில்லிபுஷ்பம் கையில் செல்போனோடு இரண்டையும் பார்த்துக் கணக்குச் சொன்னாள். பிள்ளைக்கு ஒரு நிமிஷம் வலித்தால் பம்பில் ஒரு மணி நேரம் தண்ணீர். இரண்டரை நிமிஷம் என்றால் இரண்டரை மணி நேரம். கூடாது, குறையாது. தெரு அதைக் கேட்டுக்கொண்டது, லாரி வரும் நாளைக் கேட்டுக்கொள்வதைப் போலவே.

பங்குச்சாமியார் வந்து ஒரு டம்ளர் குடித்துப் பார்த்து, நல்ல தண்ணீர்தான், ஆனால் இதைப் புதுமை, தெய்வ அற்புதம் என்று வெளியே சொல்லி யாரும் மெழுகுவர்த்தி கொளுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு போனார். பஞ்சாயத்திலிருந்து ஒருவர் பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதித்து, குடிக்க உகந்தது என்று எழுதிய தாளை அனுப்பிவைத்தார். அதோடு லாரி வருவதும் இருபது நாளைக்கு ஒருமுறை என்று ஆனது. குழந்தைகளின் தோலில் இருந்த சொறி ஆறியது. பருப்பு வெந்தது. தண்ணீர் இல்லாத தெரு என்று பெண் கொடுக்கத் தயங்கியவர்கள் கொடுக்க வந்தார்கள், ஒரே வருஷத்தில் மூன்று கல்யாணம். எமரென்சியின் புருஷன் இன்னாசிக்கு இரண்டு சிறுநீரகமும் பாதிதான் வேலை செய்தன, உப்புத் தண்ணீர் அவருக்கு விஷம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வருஷம் அவருடைய கால் வீக்கம் வடிந்து, பழைய செருப்பு மறுபடி காலில் நுழைந்தது.

அதுவரை ஜெசிந்தாவைப் பார்த்தால் பாவம் என்று சொல்லி நகர்ந்துவிடும் தெரு, எங்கள் பிள்ளை என்று சொல்லத் தொடங்கியது. ஒருத்தி தலை வாரிப் பின்னிவிட்டாள், ஒருத்தி முள் எடுத்த மீனைக் கிண்ணத்தில் கொண்டுவந்து ஊட்டினாள், ஆண்கள் கம்பெனி வாசலில் சிதறும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி அவள் கையில் கொடுத்தார்கள், அவள் விழுந்தால் அடிபடாமல் இருக்கத் தெருவெங்கும் கல் பொறுக்கிப் புது மணல் கொட்டினார்கள். முதல் குடம் கஸ்பாருக்குத்தான் என்று முறை வைத்தார்கள். கஸ்பார் அதை வாங்கவில்லை, அவன் வீட்டில் லாரித் தண்ணீர்தான். ஆனால் தலை வாரிவிட்ட கையை அவன் தடுக்கவில்லை. ஒன்பது வருஷமாக ஒற்றை ஆளாக அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, பின்னாலேயே ஓடிக் களைத்திருந்தவனுக்கு, பின்னேரம் வேலை விட்டு வரும்போது மகள் நாலு பெண்களுக்கு நடுவே ரிப்பன் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் காண்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

அவளுக்கு வலிப்பு வரட்டும் என்று யாரும் சொல்லவில்லை. காலையில் அவனைப் பார்த்து, பிள்ளை எப்படி இருக்கா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். நல்லா இருக்கா என்று அவன் சொல்லும்போது கேட்டவர்களின் முகத்தில் ஏதோ ஒன்று கொஞ்சம் இறங்கும். இறங்கியதை மறைக்க உடனே சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை அவன் வேலைக்குப் போகும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போவான்.

அடுத்த மாசியில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா பழைய மாத்திரையை மாற்றி வேறொன்று எழுதினாள். காலை ஒன்பதுக்கு ஒன்று, ராத்திரி ஒன்பதுக்கு ஒன்று, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, தவறினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்று அவனைத் திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டாள். ஜெசிந்தாவுக்கு வலிப்பு நின்றது. பத்து நாள், இருபது நாள், நாற்பது நாள். அவள் கண் தெளிந்தது. கீழே விழுந்து விழுந்து நெற்றியில் ஆறாமல் இருந்த காயம் முதன்முறையாக முழுதாக ஆறித் தோல் மூடியது. பன்னிரண்டாவது வார்த்தை ஒன்றும் வந்தது, பூனையைக் காட்டி “போ” என்றாள்.

பம்பு காய்ந்தது. கத்திரி வெயில் தொடங்கியது.

தெரு யாரையும் திட்டவில்லை. ஆனால் ரிப்பன் கட்ட ஒருத்தியும் வரவில்லை, மீன் கிண்ணம் வரவில்லை, கஸ்பார் வேலைக்குப் போகும்போது மகளைப் பார்த்துக்கொள்ளக் கேட்ட வீட்டிலெல்லாம் இன்றைக்கு வெளியே போகிறோம் என்றார்கள். அவன் அவளைக் கம்பெனிக்குக் கூட்டிப்போய் ஒரு மூலையில் உட்காரவைத்தான். நொறுக்கும் எந்திரத்தின் சத்தம் தாங்காமல் அவள் காதைப் பொத்திக்கொண்டு மணிக்கட்டைக் கடித்து ரத்தம் வரவழைத்தாள். இனி கூட்டிவரக் கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். எமரென்சி மட்டும் அந்த நாலு நாளும் தவறாமல் வந்தாள். வந்து எல்லாம் செய்தாள். ஆனால் முன்போல ஜெசிந்தாவிடம் பேசிக்கொண்டே செய்யவில்லை. அவள் வீட்டில் இன்னாசிக்குக் கால் மறுபடி வீங்கி, முகமும் வீங்கத் தொடங்கியிருந்தது. லாரி வந்து பதினெட்டு நாள் ஆகியிருந்தது.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், துணியைக் கொடியில் போட்டுவிட்டு எமரென்சி போகாமல் நின்றாள்.

“கஸ்பாரு, ஒன்னு கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது.”

“சொல்லுங்க மைனி.”

“ஒரு வேள மாத்திர. ஒரே ஒரு வேள. ரெண்டு நிமிசம் வந்துட்டுப் போனா எங்க வீட்டு மனுசனுக்கு ஒரு மாசத்துக்குப் பிடிச்சு வச்சிருவேன். நான் கூடவே இருப்பேன். மண்ணுல விழ விட மாட்டேன், மடியிலயே வச்சிருப்பேன்.”

எமரென்சி பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். ஜெசிந்தா கொடியில் ஆடும் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஒன்பது மணிக்கு மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கி எடுத்தவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இன்னாசியின் வீங்கிய முகத்தை நினைத்தான் என்று பின்னால் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான், அதுவும் உண்மைதான். ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று இருந்தது. அவனுக்கு ஐம்பத்தோரு வயது. முதுகு தண்டுவடத்தில் கொக்கி மாட்டி இழுப்பதுபோல வலித்தது. அவன் போன பிறகு இவளை யார் கழுவுவார்கள், யார் ஊட்டுவார்கள், யார் வீட்டில் இவள் படுப்பாள் என்ற கேள்வி அவள் பிறந்த நாளிலிருந்து அவனோடு கூடவே படுத்துக் கூடவே எழுந்தது. தண்ணீர் வந்த ஒரு வருஷம்தான் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. தண்ணீர் இருக்கிறவரை தெரு இவளைக் கைவிடாது. மாத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு வேளை விட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று பயம் குறைந்தது, ஒன்பது மணி மாத்திரையும் பைக்குள் போனது. ராத்திரி மாத்திரையும் போனது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைப் பூசை முடிந்து வரும்போது, மூன்று மாத்திரைகள் சட்டைப் பையில் ஒட்டிக் கிடக்க, அவன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தான். ஜெசிந்தா அவன் பிடியிலிருந்து நழுவி விழுந்தாள்.

எமரென்சி ஓடிவந்து, சொன்னபடியே அவளை மடியில் ஏந்திக்கொண்டாள். பம்பு ஊற்றியது. குடங்கள் வந்தன. கஸ்பார் எண்ணினான். இருநூறு எண்ணினான், முந்நூறு எண்ணினான். முந்நூறுக்கு மேல் எண்ண முடியாமல் அவளைத் தூக்கினான். லில்லிபுஷ்பம் குடத்தைப் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவைக் கூட்டிவர ஓடினாள். ஆட்டோவில் ஜெசிந்தா இழுத்துக்கொண்டே இருந்தாள், உப்பளத்து ரோட்டில் இழுத்துக்கொண்டே இருந்தாள், ரயில்வே கேட்டில் வண்டிகளுக்குப் பின்னால் நின்றபோது எமரென்சியின் மடியில் உதடு கறுத்து இழுத்துக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியில் இரண்டு ஊசி போட்டும் நிற்காமல் மூன்றாவதில் நின்றது. முப்பத்தெட்டு நிமிஷம். மாத்திரை தவறியதா என்று டாக்டரம்மா கேட்டாள். கஸ்பார் பையிலிருந்து மூன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தான். அவள் அவனைத் திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அவள் எழுதிக்கொண்டு எழுந்து போனாள்.

பதினேழு நாள் கழித்து ஜெசிந்தாவைக் கூட்டிவந்தான். வலது கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது, வலது கால் மணலில் கோடு இழுத்தது. பேச்சு போயிருந்தது. பன்னிரண்டும் போயிருந்தது.

தெருவில் மற்ற இருபத்திரண்டு வீட்டு வாசலிலும் குடம், அண்டா, ட்ரம், குழந்தையைக் குளிப்பாட்டும் பிளாஸ்டிக் தொட்டிவரை, நிரம்பி, துணி கட்டி இருந்தன. முப்பத்தெட்டு மணி நேரம் ஊற்றியதாம். கஸ்பார் பம்புக்குப் பக்கத்தில் நின்று, யாரும் கேட்காமலேயே சொன்னான்.

“மூணு வேள மாத்திர நான் குடுக்கல.”

எமரென்சி தன் வாசலில் இருந்தபடி சொன்னாள்.

“கேட்டது நான்.”

அவள் வீட்டில் மட்டும் இன்னும் பதினொரு குடம் மிச்சம் இருந்தது. சாயங்காலம் ஒரு செம்பு மொண்டு இன்னாசியிடம் கொடுத்தபோது, அந்த மனுசன் வாங்கித் தரையில் வைத்தார்.

“அது பிள்ளையோட பேச்சு,” என்றார். “அத எப்படிக் குடிக்க?”

இந்தச் சொல் சுவர் தாண்டித் தெருவெங்கும் போனது. அதற்காக எல்லாரும் உடனே மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. கைக்குழந்தை வைத்திருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தார்கள், வேறு வழியில்லை. மற்றவர்கள் குடிக்கவும் இல்லை, கொட்டவும் இல்லை. தண்ணீர் அப்படியே நின்று பாசி பிடித்துக் கொசுப்புழு நெளிந்தது. சுகாதாரத் துறைப் பெண் வந்து சத்தம் போட்டபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தூக்கிப்போய்க் கடலில் ஊற்றினார்கள். பெண்கள் நாலு பேராகக் கூடி, லாரியைப் பத்து நாளைக்கு ஒருமுறை அனுப்பச் சொல்லிப் பஞ்சாயத்து வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை என்று முடிந்தது. கஸ்பார் வேலைக்குப் போகும் நேரம் முறை வைத்து ஒருத்தி வந்து ஜெசிந்தாவோடு இருந்தாள். ரிப்பன் எதுவும் கொண்டுவரவில்லை. வெறும் கையோடு வந்து, ஒன்பது மணிக்கு மாத்திரை கொடுத்தாயா என்று அவனைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

கஸ்பார் காலையில் ஊட்டும்போது ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிப் பார்ப்பான். அப்பா. சோறு. வேண்டாம். கட்டி. அவள் அவன் வாய் அசைவதைக் கவனமாகப் பார்ப்பாள். அந்தக் கவனம் அவனைக் கொன்றது.

மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தாலும் எப்போதாவது ஒன்று வரத்தான் செய்யும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். வந்தது. புரட்டாசியில், மழை ஏமாற்றிக்கொண்டிருந்த ஒரு மதியம், மூன்று மணிக்கு. அவள் கட்டிலிலேயே இருந்ததால் அடிபடவில்லை. நூற்றுமுப்பது எண்ணுவதற்குள் அடங்கினாள். ஆனால் எழுபதிலேயே வெளியே பம்பு கனைப்பது அவனுக்குக் கேட்டுவிட்டது, தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அடுத்து என்ன சத்தம் வரும் என்று காத்திருந்தான். குடம் முட்டும் சத்தம் வரவில்லை. ஒரு கதவு சாத்தி, கொண்டி விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக, தெரு முனைவரை.

மகள் தூங்கியபின் வெளியே வந்தான். பட்டப்பகலில் தெருவில் ஒரு ஆள் இல்லை. தண்ணீர் சாக்கடை ஓரமாக ஓடி, மணலில் இறங்கி, கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. இருபத்திரண்டு கதவுக்குப் பின்னாலும் ஆட்கள் வறண்ட வாயோடு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். எத்தனை நாளைக்கு இந்தக் கதவுகள் தாங்கும் என்றும் நினைத்தான். அடுத்த கத்திரி வெயிலுக்குத் தாங்குமா, தனக்குப் பிறகு தாங்குமா. லில்லிபுஷ்பத்தின் வீட்டு ஜன்னல் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தது. அவன் பார்ப்பது தெரிந்ததும் மூடியது.

வீட்டுக்குள் போய் ஒரு குடத்தை எடுத்துவந்தான். அந்தப் பம்பில் அவன் தண்ணீர் பிடித்தது அன்றைக்குத்தான். நிரப்பித் தூக்கிக்கொண்டு போய் எமரென்சி வீட்டு வாசலில் வைத்து, கதவை ஒருமுறை தட்டிவிட்டு, இன்னாசிக்கு, நானே தாரேன், என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தான். உள்ளே இன்னாசி இருமுவது கேட்டது. பம்பு இரண்டு மணி நேரமும் கொஞ்சமும் ஊற்றி நின்றது.

மறுநாள் காலையில் குடம் அவன் வாசலில் இருந்தது. மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தான், கழுத்துவரை அப்படியே இருந்தது, ஒரு செம்புகூட எடுக்கவில்லை. எமரென்சி கிணற்றடியில் உப்புத் தண்ணீரில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

கடலில் ஊற்றலாமா என்று குடத்தோடு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஜெசிந்தாவைக் கூட்டிவந்து பின்பக்கம் பலகையில் உட்காரவைத்து, அந்தத் தண்ணீரை அவள் தலையில் ஊற்றினான். அவள் பிறந்ததிலிருந்து உப்பில் குளித்தவள், தலைமுடி தேங்காய் நாராகத்தான் இருக்கும், சோப்பு போட்டால் வெள்ளையாகத் திரிந்து பிசுபிசுவென்று ஒட்டும். இப்போது நுரைத்தது. தலை கொள்ளாமல் நுரைத்து, கழுத்தில் இறங்கி, மடங்கிய வலது கையின் இடுக்கெல்லாம் நிறைந்தது. அவள் இடது கையில் கொஞ்சம் அள்ளி முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தாள். நுரை ஒவ்வொன்றாக உடைந்தது. உடையும்வரை பார்த்துவிட்டு, இன்னும் என்பதுபோல வெறுங்கையை அவனிடம் நீட்டினாள். அவன் மறுபடி தேய்த்துக் கொடுத்தான். குடம் தீரும்வரை கொடுத்தான்.

தலை துவட்டி, உடை மாற்றி, ஒன்பது மணிக்கு மாத்திரையைப் பிதுக்கி அவள் நாக்கில் வைத்தான். லாரித் தண்ணீர் ஒரு வாய் கொடுத்தான். அவள் விழுங்கியபின், வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியிலும் பார்த்தான்.